படி தாண்டும் தொழில்

தொழுவம் கூட்டவும் களம் பெருக்கவும் சாக்கடை அள்ளவும் நம்மைக் கூப்பிடுவார்கள். வேலை கொல்லைப்புறத்தோடு முடிந்துவிடும். நம்மை அடுப்படிக்குள் கால் வைக்க விடாத வீடுகள் இன்றும் உண்டு. ஆனால், வீட்டின் உள்ளறையிலேயே தொடங்குகிற தொழில் ஒன்று இருக்கிறது. வீடு, கடை, அலுவலகங்களில் குவிந்து கிடக்கும் பொருள்களை ஒழுங்குபடுத்தித் தரும் தொழில் அது.

அமெரிக்காவில் இத்தொழில் செய்வோர் 1980-களிலேயே சங்கம் அமைத்துவிட்டனர். ஜப்பானின் மேரி கோண்டோ இதைப் பற்றி நூல் எழுதி உலகப் புகழ் பெற்றார். நம் பெருநகரங்களிலும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அலமாரியில் உள்ளதை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். வைத்துக்கொள்வது, கொடுப்பது, விற்பது, கழிப்பது என நான்காகப் பிரிக்க வேண்டும். எதைக் கழிப்பது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்வார். பிறகு அன்றாடம் எடுப்பது கைக்கு எட்டும் உயரத்துக்கும், எப்போதாவது எடுப்பது பரணுக்கும் போகும். கடை என்றால் பழைய சரக்கு முன்னே, புதிய சரக்கு பின்னே. அலுவலகம் என்றால் ஆண்டுவாரியாகக் கோப்புகள். ஐ.டி.ஐ. மாணவர்கள் படிக்கும் ஜப்பானிய '5 எஸ்' முறையின் அடிப்படையும் இதுதான்.

நமக்கு இது புதிதல்ல. நெல்லைத் தூற்றித் தரம் பிரித்து அடுத்தவர் குதிரை நிறைத்த கைகள் நம்முடையவை. அந்தத் திறமைக்குக் கிடைத்தது கூலி மட்டும்தான். இன்று அதே திறமைக்கு நகரத்தில் கட்டணம் கேட்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "சுத்தம் செய்கிற வேலைதானே, உங்களுக்குத் தோதானது" என்று யாராவது நம் பிள்ளைகளைத் தள்ளிவிட்டால், அது பழைய சங்கிலிதான். வேலையைப் பிறப்போடு கட்டிவைப்பதைத்தான் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எதிர்த்தார். விருப்பம் உள்ளவர்கள் கணக்கும் கணினியும் கற்றுக்கொண்டு இறங்கட்டும்.

அளவு நாடா, நோட்டு, பெயர்ச்சீட்டு இருந்தால் தொடங்கிவிடலாம். முதலில் நம் தெரு நூலகத்தையோ மகளிர் குழு அலுவலகத்தையோ ஒழுங்குபடுத்தி, முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு பக்கத்து நகரக் கடைகளை அணுகலாம். கடன், மானியம் பற்றி மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குவோம். எழுதாத வேலையைச் செய்யச் சொன்னால் மறுப்போம். சாவியை நம்பிக் கொடுக்கிற வீட்டுக்குப் போவோம். கொல்லை வழியாக வரச் சொல்கிற வீட்டு வேலை நமக்கு வேண்டாம்.