லீவு முடிந்த நாளில் இறுகும் நெஞ்சு

கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் கிடைத்ததும் பீளமேடு, சிங்காநல்லூர் என்று மில்கள் பெருகின. மில்லுக்குள் தூசி அதிகம் பறப்பது பஞ்சுப் பொதியைப் பிரித்துப்போடும் ப்ளோ ரூமிலும், பஞ்சைச் சீவும் கார்டிங்கிலும்தான். அங்கே ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு வரும் நுரையீரல் நோய், பிசினோசிஸ்.

கிரேக்கத்தில் 'பிசோஸ்' என்றால் மெல்லிய லினன் துணி. எகிப்தியர் மம்மியைச் சுற்றிய துணியைப் பற்றி எழுதும்போது ஹெரோடோட்டஸ் இந்தச் சொல்லைத்தான் கையாள்கிறார். அதுவும் கிரேக்கர் சொத்தல்ல, செமிட்டிக் மொழிகளிடம் வாங்கியது. நோய் நிலையைக் குறிக்கும் 'ஓசிஸ்' விகுதியை அதன் வாலில் ஒட்டி, 1877-இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் அட்ரியன் புரூஸ்ட். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்டின் அப்பா. மகன் ஆஸ்துமாவோடு போராடியே வாழ்ந்தார் என்பது தனிக்கதை.

பெயரில் துணி மட்டும்தான் இருக்கிறது. நோயைக் காட்டிக்கொடுப்பது கிழமை. ஞாயிறு லீவு முடிந்து திங்களன்று ஷிப்டுக்குப் போனால், சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், இருமல் வரும், மூச்சு வாங்கும். செவ்வாய், புதனில் குறைந்துவிடும். பஞ்சோடு வரும் இலைத் துணுக்கு, காய்ந்த சருகு இவற்றில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் என்ற நச்சே முக்கியக் காரணம் என்கிறார்கள். தினமும் சுவாசிக்கும்போது உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது. ஒருநாள் ஓய்விலேயே அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. வார விடுமுறை முறைவைத்து மாறும் மில்லில் அந்தத் 'திங்கள்' வியாழனாகவும் இருக்கலாம். டாக்டர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

தொடக்கத்திலேயே தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். விட்டுவிட்டால் எல்லா நாளும் மூச்சுத் திணறல்தான். நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. அதனால் ஆஸ்துமா என்றோ பீடிப் பழக்கம் என்றோ சீட்டு எழுதிவிடுவது சுலபம்.

அமெரிக்கா 1978-இல், நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் பஞ்சுத் தூசிதான் உச்சம் என்று வரம்பு கட்டியது. நம்முடைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலும் பிசினோசிஸ் இருந்தது. கண்டுபிடித்த டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

உங்கள் வீட்டில் மில் வேலை பார்த்தவர் யாராவது இருமிக்கொண்டிருந்தால், டாக்டரிடம் மூன்றைச் சொல்லுங்கள்: எந்தப் பகுதியில் வேலை, எத்தனை வருஷம், லீவு முடிந்து போகும் நாளில் கூடுகிறதா என்பது.