வெஸ்பாவின் உடலிற் பொறித்த இலக்கம்

பாட்டனார் ஓடித்திரிந்த வெஸ்பா ஸ்கூட்டர் துருவேறிக் கொட்டிலின் மூலையிற் சாய்ந்து கிடக்கும் வீடுகள் இன்னுஞ் சில உள. அதனைத் திருத்தி ஓட்டவேண்டுமெனப் பேரன் ஆசைகொள்கின்றான். ஆசை நல்லதே. ஆயின் அவன் முதலில் தேடவேண்டியது வர்ணம் பூசுபவரையன்று. வண்டியின் உடலிற் பொறித்த இலக்கத்தையே. பதிவுப் புத்தகம் கறையானுக்கு இரையான பின்னர், இது இன்ன வண்டியெனச் சொல்லவல்ல சாட்சி பெரும்பாலும் அஃதொன்றே.

இத்தாலி நாட்டின் பொந்தெதேராவிலுள்ள பியாஜியோ தொழிற்சாலை 1946ஆம் ஆண்டில் வெஸ்பாவை வெளியிட்டது. அதனை அமைத்த கொராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியியலாளர். குழாய்ச் சட்டகத்தை அவர் விரும்பவில்லை. அழுத்தி வார்ப்படுத்திய உருக்குத் தகட்டையே உடலுஞ் சட்டகமுமாக்கினார். இதனை அறியாதார் சைக்கிளின் கழுத்துக் குழாயிலே தேடுவதுபோல வண்டியின் முன்புறத்தைச் சுரண்டிப் பார்ப்பர். தேடவேண்டிய இடம் பின்புறம். பெரிய உடலமைப்புள்ள வண்டிகளிற் பெரும்பாலும் எஞ்சின் இருக்கும் வலப்பக்க மூடியைக் கழற்றினால், அதன் பின்னேயுள்ள தகட்டிற் சட்டக இலக்கம் காணப்படும். எஞ்சின் இலக்கமோ, பின் அதிர்வுதாங்கி பொருந்தும் இடத்தையொட்டி, எஞ்சினின் வார்ப்பிலே உண்டு.

எழுத்துக்களுக்கும் பொருளுண்டு. 'வீ.என்.ஏ. 1 ரீ' என்று தொடங்கினால் அது 1957இல் வெளிவந்த 125 கன சென்ரிமீற்றர் வண்டி. 'வீ.எஸ்.ஈ. 1 ரீ' எனின், 1972இல் வெளிவரத் தொடங்கிய ராலி 200. ஈற்றிலுள்ள ரீ, சட்டகத்தைக் குறிக்கும் 'தெலாயோ' என்னும் இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. எஞ்சினில் அவ்விடத்தில் எம் நிற்கும், அது 'மோத்தோரே'. எழுத்துக்களின் பின்வரும் தொடரிலக்கம் இரண்டிலும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்று பலர் எண்ணி, நல்ல வண்டியையும் கள்ள வண்டியென ஒதுக்கிவிடுகின்றனர். வெஸ்பாவில் அவ்வாறு ஒத்திருக்க வேண்டுவதில்லை. முன்னெழுத்துக்கள் இணையாயுள்ளனவா என்பதையே நோக்குக. அவையும் மாறுபடின், எஞ்சின் வேறொரு வண்டியினதாயிருத்தல் கூடும். அதுவும் குற்றமன்று, பதிவிலே அம்மாற்றம் ஏறியுள்ளதா என்பதே கேள்வி.

இனி, இலக்கத்தை வாசிக்கும் முறை. அரமும் உப்புத்தாளும் கிட்டவும் வரலாகாது. சுழலுங் கல்லைப்பற்றிச் சொல்லவே வேண்டா. அறுபது ஆண்டு தாங்கி நின்ற எழுத்து அரை நிமிடத்தில் அழிந்துபோம். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை ஊறவைத்து, பழைய பற்றூரிகையால் மெல்லத் தேய்க்க வேண்டும். வர்ணம் பலமுறை பூசப்பட்டிருப்பின், வர்ணம் நீக்குந் திரவத்தைப் பயன்படுத்தலாம். பின்னர் வெண்கட்டியைக் குறுக்கே தேய்த்து மேலே துடைத்துவிட்டால், பள்ளத்தில் நின்ற வெண்மை எழுத்தாய்த் தோன்றும். (ஆசிரியர் வீடுகளில் வெண்கட்டிக்குப் பஞ்சமில்லை.) மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசியெடுத்த பிரதி, புகைப்படத்தோடு சேர்த்துப் பேணத்தக்கது. கைவிளக்கை நேரே பிடியாது பக்கவாட்டிற் பிடித்தால் மங்கிய கோடுகளும் நிழலால் வெளிப்படும்.

வாங்கும் வண்டியாயின் இன்னும் விழிப்பு வேண்டும். வியட்நாமிலிருந்து மேனாடுகளுக்குச் சென்ற பளபளப்பான பழைய வெஸ்பாக்கள் பலவற்றில், வெவ்வேறு வண்டிகளின் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தமை தெரியவந்தது. அத்தகைய ஒட்டுவேலையில் இழப்பது பணம் மட்டுமன்று. தகடே சட்டகமாதலால், ஒட்டு விட்டால் ஓடும்போதே உடல் பிளக்கும். இலக்கத்தைச் சுற்றி ஒட்டுத் தழும்பு இருப்பினும், எழுத்துக்கள் புத்தம் புதிதாய்த் தோன்றினும் பணத்தை எடுக்குமுன் நன்கு ஆராய்க.

அராவியழித்த இலக்கமும் முற்றாக மறைவதில்லை. அச்சு குத்தியபோது அடியிலுள்ள உலோகமும் நெரிந்திருக்கும். செப்புக் குளோரைட்டும் ஐதரோக்குளோரிக்கமிலமும் கலந்த கரைசல் பட்டால் அவ்விடம் வேறுபட அரிக்கப்பட்டு எழுத்து மீண்டும் தெரியக்கூடும். ஆயின் அது தடயவியல் ஆய்வுகூடத்தார் வேலை. வீட்டுக் கொட்டிலிற் செய்யத்தக்கதன்று.