நந்தியாவட்டையை மொட்டையடித்தது யார் தெரியுமா?

மயிலாப்பூரில் வாசலில் வைத்த நந்தியாவட்டை இரண்டே நாளில் குச்சி குச்சியாக நிற்கிறதா? அடியில் மிளகு மிளகாகக் கறுத்த எச்சம் சிதறிக் கிடக்கிறதா? ஆடு மேயவில்லை. அரளி ஹாக் மாத் என்கிற அந்துப்பூச்சியின் புழு மேய்ந்திருக்கிறது!

பச்சைச் செடியில் பச்சைப் புழு. சட்டென்று கண்ணில் படாது. மூன்று அங்குலம் வரை வளரும். வால் பக்கம் மஞ்சள் கொம்பு ஒன்று. பயப்படாதீர்கள், கொட்டாது, வெறும் பந்தா! கிளையை லேசாகத் தட்டுங்கள். தலையை உள்ளே இழுத்து முன்னுடம்பை உப்ப வைக்கும். உடனே கறுப்பு விளிம்பு போட்ட இரண்டு நீலக் கண்கள் உங்களை முறைக்கும். அவை கண்களே அல்ல, தோலில் உள்ள பொட்டுகள்!

இன்னொன்று தெரியுமா? மாட வீதியில் மாலை கட்டி விற்கிறார்களே செவ்வரளி, அதன் இலையும் இதற்குச் சாப்பாடு. மாடு தின்றால் செத்துப்போகும், மனிதனின் இதயத்தையே நிறுத்திவிடும் விஷம் அது! இந்தப் புழுவோ சாவகாசமாக மென்று தின்கிறது. அரளி விஷம் நரம்புக்குள் புகாதபடி அதன் நரம்பைச் சுற்றிய உறையே தடுத்துவிடுகிறது. எந்த வைத்தியரும் கொடுக்காத கவசம்!

முட்டை இளம்பச்சை, தாய் அந்துப்பூச்சி இலைக்கு ஒன்றாக இடும். தின்று கொழுத்த புழு ஒருநாள் பழுப்பாக நிறம் மாறி, செடியை விட்டுக் கீழே இறங்கும். அடியில் கிடக்கும் சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். தி. நகர் அடுக்குமாடிகளில் தினமும் சருகைக் கூட்டி அள்ளும்போது எத்தனை கூடுகள் குப்பை வண்டி ஏறுகின்றனவோ!

தப்பித்து வெளியே வரும் அந்துப்பூச்சிதான் அழகு. ராணுவச் சீருடைக்குத் துணி எடுத்ததுபோல் பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு கலந்த இறக்கைகள். விரித்தால் நான்கு அங்குலம் வரும். அந்தி சாய்ந்ததும் மல்லிகைமுன் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும்.

சென்னைக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். ஆப்பிரிக்காவிலும் உண்டு. கோடையில் கடல் தாண்டி ஐரோப்பாவுக்கே பறந்துபோகும். அங்கே பெரும்பாலான இடங்களில் குளிர்காலத்தைத் தாங்காது. 1758-லேயே லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார்!

அடையாறோ மயிலாப்பூரோ, புழுவைப் பார்த்ததும் மருந்து அடிக்க ஓடாதீர்கள். நந்தியாவட்டை மறுபடி துளிர்த்துவிடும். செடிக்கடியில் கொஞ்சம் சருகையும் விட்டுவையுங்கள்.