உங்களுக்குத் தெரியுமா? தடம் தேடும் மென்பொருள்
குமரி மாவட்டத்து மாத்தூரில் பறளியாற்றுக்கு மேலே தொட்டிப்பாலத்தில் கால்வாய் ஓடுகிறது. இரண்டு நீரும் கலப்பதில்லை. மின்சுற்றுப் பலகையிலும் இதே ஏற்பாடுதான்: குறுக்கே வரும் செம்புத் தடம் சிறு துளை வழியே மறு அடுக்குக்கு இறங்கிக் கடக்கும்.

தடத்தைத் தானே தேடும் மென்பொருள்களுக்கு முன்னோடி, 1961இல் சி. ஒய். லீ வெளியிட்ட முறை. புறப்படும் புள்ளியிலிருந்து கட்டம் கட்டமாக எண்ணிட்டுப் பரவும். இலக்கைத் தொட்டதும் எண்களைப் பின்னோக்கிப் பிடித்து வரும். வழி இருந்தால் மிகக் குறுகியதே கிடைக்கும். ஆனால் போட்ட தடம் ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் சுவர். ஈகிள் என்ற பலகை வடிவமைப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில் இரண்டே அடுக்குகள்தான் இருந்தன. நெரிசலான பலகையில் கடைசி இணைப்புகள் அந்தரத்தில் நின்றுவிடும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை மாணவர்களுக்கு என் பரிந்துரை கிகேட் என்ற பலகை வடிவமைப்பு மென்பொருள். காசில்லை, 32 செம்பு அடுக்குகள் வரை போடலாம். தானே தடமிட மட்டும் ஃப்ரீரவுட்டிங் என்ற தனி நிரல் வேண்டும்.