குற்றாலச் சாரலும் கல்யாண சிடியும்

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரத்தில் 2000-களில் கல்யாணம் நடந்த வீட்டுப் பீரோவைத் துழாவினால், துணிமணிக்கு அடியில் இரண்டு மூன்று சிடியாவது அகப்படும். மேலே மணமக்கள் படம் போட்ட ஸ்டிக்கர். பின்னணியில் பேரருவியோ காசி விசுவநாதர் கோயில் கோபுரமோ. ஸ்டுடியோக்காரர் கொடுத்த அந்த வட்டைப் போட்டுப் பார்க்கத்தான் இன்று வழியில்லை. டிவிக்குக் கீழே இருந்த பிளேயர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. புதிதாக வாங்கும் டெஸ்க்டாப்பின் கேபினெட்டிலோ கண்ணாடியும் கலர் விளக்கும் இருக்கின்றன, டிவிடி டிரைவுக்கு இடமில்லை. யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவைத் தேட வேண்டியதுதான்.

அதைச் சீக்கிரம் தேடுவது நல்லது. வட்டுகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003-இல் வெளியிட்ட கையேடு. ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று வந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் தூறும் ஊரில் இதெல்லாம் நடக்கிற காரியமா? துவைத்த துணியே நாள்கணக்கில் காயாது. சிடியில் தகவல் பதிந்திருக்கும் உலோகப் படலம் அடிப்பக்கம் இல்லை, மேலே லேபிளுக்கு ஒட்டினாற்போல் மெல்லிய அரக்குப் பூச்சின் கீழே இருக்கிறது. ஈரத்தில் உப்பிய ஸ்டிக்கரை உரித்தால் வெள்ளிப் படலமும் கூடவே பெயர்ந்து வரும். ஆகையால் ஸ்டிக்கரில் கை வைக்கக் கூடாது. டிவிடியில் அந்தப் படலம் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது.

கடைக்குப் போனதும் எல்லாரும் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். முதலில் கேட்க வேண்டியது மின்சாரத்தைப் பற்றி. மெலிதான வெளி டிரைவுக்குள் இருப்பது லேப்டாப்புக்கான இயந்திரம். தனி அடாப்டர் கிடையாது. சுழலும் மோட்டாருக்கும் லேசருக்கும் வேண்டிய மின்சாரம் முழுவதும் யூஎஸ்பி வழியாகவே வர வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் 3.0 போர்ட் 900 தரும். வட்டு சுழலத் தொடங்கும் நொடியில் தேவை சட்டென்று ஏறும். கேபினெட்டின் முன்பக்க போர்ட் உள்ளே நீண்ட வயர் வழியாக மதர்போர்டுக்குப் போவதால் அங்கே கொஞ்சம் மின்னழுத்தம் குறைந்துவிடும். டிரைவ் ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொள்ளும். பாதிக் காப்பியில் திரையிலிருந்து காணாமல் போகும். டிரைவ் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பவர்கள், கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் ஒருமுறை மாட்டிப் பார்த்திருக்கலாம். இரட்டைத் தலை கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருக வேண்டும். பக்கவாட்டில் பென் டிரைவ் துளை, கார்டு ரீடர் எல்லாம் வைத்து வரும் மாடல்கள் பார்க்க அழகு. உள்ள கொஞ்ச மின்சாரத்தையும் பங்கு போடும் அந்த அழகு நமக்கு வேண்டாம்.

அட்டைப் பெட்டியில் ‘யூஎஸ்பி 3.0’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதற்காக வேகம் கூடிவிடாது. இந்த ரக டிரைவ் டிவிடியை 8 மடங்கு வேகத்தில் படித்தாலும் நொடிக்குச் சுமார் 11 எம்பிதான். பழைய 2.0 போர்ட்டே அதைத் தாராளமாகத் தாங்கும்.

தட்டு வெளியே வரும் மாடல்தான் உத்தமம். வட்டை வாயில் நுழைத்து இழுத்துக்கொள்ளும் வகை, ஹேண்டிகேம் காலத்து 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடியைப் பொதுவாக ஏற்காது. அந்தக் குட்டி வட்டை அன்றே கேமராவில் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல் விட்டிருந்தால், பழைய கேமராவையும் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

ப்ளூ-ரே? ஒரு அடுக்கு வட்டில் 25 ஜிபி கொள்ளும் என்பது உண்மை. டிரைவின் விலை டிவிடி டிரைவைப் போலப் பல மடங்கு. 4கே பட வட்டுகளைக் கம்ப்யூட்டரில் முறைப்படி ஓட்டத் தேவையான எஸ்ஜிஎக்ஸ் வசதியை, 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்பிலேயே இன்டெல் நீக்கிவிட்டது. பதிவு செய்யும் ப்ளூ-ரே வட்டுத் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்குக் கடை கடையாக இறக்கிய மோசர் பேயர் நிறுவனமே 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. கல்யாண சிடிக்காக ப்ளூ-ரே டிரைவ் வாங்குவது வீண் செலவு.

சிடி அடியோடு ஒழிந்துவிடவும் இல்லை. ஸ்கேன் சென்டர்களில் ஃபிலிமோடு சிடியும் தருவதுண்டு. வக்கீல்கள் சாட்சியமாகத் தாக்கல் செய்வதுண்டு. தேர்தல் பாட்டும் பேச்சும் அடங்கிய சிடிகள் குறித்த அன்வர் – பஷீர் வழக்கில், உரிய சான்றிதழ் இல்லாமல் அவற்றை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. இப்போது விற்கும் டிவிடி டிரைவ்கள் அநேகமாக எல்லாமே எழுதவும் செய்யும் என்பதால் அதற்கென்று தனியாக அலைய வேண்டியதில்லை.

விசிடி என்றால் ‘எம்பெக்ஏவி’ என்ற ஃபோல்டரில் உள்ள ‘டேட்’ கோப்பையும், டிவிடி என்றால் ‘வீடியோ_டிஎஸ்’ ஃபோல்டரை முழுசாகவும் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்தால் போதும். விண்டோஸில் டிவிடி ஓட்டும் வசதி 2012-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்தே கூட வருவதில்லை; இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி இரண்டையும் ஓட்டும். காப்பி பாதியில் நின்றால், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. அப்படியும் மசியாத வட்டை வேறு டிரைவில் போட்டால் படித்துவிடுவதும் உண்டு.

அந்த வேறு டிரைவ் பரணிலேயே கிடக்கலாம். ஓரங்கட்டிய பழைய டெஸ்க்டாப்பில் சாட்டா டிவிடி ரைட்டர் இருந்தால், நான்கு திருகுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். 12 வோல்ட் அடாப்டரோடு வரும் சாட்டா–யூஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டினால் அதுவே வெளி டிரைவ். தனி மின்சாரம் என்பதால் போர்ட் தகராறும் இல்லை. கன்வெர்ட்டர் வாங்கும்போது அடாப்டர் கூட வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்கென்று 5 வோல்ட்டில் ஓடும் கன்வெர்ட்டரும் கடையில் பக்கத்திலேயே தொங்கும்; அதில் இந்த டிரைவின் தட்டுகூட வெளியே வராது.