தண்ணீரைவிட பிளக்கைக் கவனியுங்கள்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் வைத்திருக்கும் கிடங்குக்காரர்களுக்கு மழைக்கால ஈரக்காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கம் காயல், சற்றுத் தள்ளி அரபிக்கடல். இந்த ஊரில் ஒருவர் தண்ணீரால் குளிரும் கம்ப்யூட்டரைத் தானே கட்டப்போகிறேன் என்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "ஒழுகினால் என்ன ஆகும்?" என்பதுதான். நியாயமான பயம். ஆனால் ஒழுகலை முன்கூட்டியே சோதித்துவிட முடியும். மதர்போர்டிலிருந்தும், பம்ப் தவிர மற்ற பாகங்களிலிருந்தும் எல்லா மின் கேபிள்களையும் கழற்றிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்வழங்கிப் பெட்டியின் 24 பின் கனெக்டரில் 16ஆம் பின்னை ஒரு கறுப்பு வயரோடு சேர்த்தால் போதும், போர்டின் தயவில்லாமல் அது கரன்ட் கொடுக்கும். பம்ப் மட்டும் ஓடும். மணிக்கணக்கில் தண்ணீரைச் சுற்றவிட்டுப் பார்க்கலாம். சொட்டு விழுந்தாலும், கீழே இருக்கும் போர்டில் மின்சாரம் இல்லை. துடைத்துக் காயவைத்தால் தீர்ந்தது.

வயரிங்குக்கு இப்படி ஒத்திகை கிடையாது. தப்பான இடத்தில் செருகிய பிளக், சுவிட்சைத் தட்டிய நொடியில் வேலையைக் காட்டிவிடும்.

மதர்போர்டின் ஓரத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பாருங்கள். வரிசையாக நான்கு பின் நிற்கும் ஒரு ஹெடர் இருக்கும். 12 வோல்ட், பச்சை, சிவப்பு, நீலம். இது பழைய ஆர்.ஜி.பி. விளக்குக்கு. விரல்கடை தூரத்தில் இன்னொன்று. அதே அகலம், அதே இடைவெளி, ஆனால் மூன்றாவது இடத்தில் பின் இருக்காது. 5 வோல்ட், டேட்டா, வெற்றிடம், எர்த். இது ஒவ்வொரு விளக்குக்கும் தனி நிறம் தரும் ஏ.ஆர்.ஜி.பி. முறையாகச் செய்த பிளக்கில் அந்த மூன்றாவது துளை அடைபட்டிருக்கும், மாற்றிச் செருக முடியாது. அடைப்பில்லாத நீட்டிப்பு கேபிள் ஒன்று நடுவில் வந்துவிட்டால் அந்தக் காவல் போய்விட்டது. 5 வோல்ட்டுக்குச் செய்த சிப்பில் 12 வோல்ட் ஏறும். ஒரு ஃபேன் தொகுப்பின் விளக்குகள் மொத்தமும் அந்தக் கணமே கருகிவிடலாம். போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்தை டார்ச் அடித்து ஒருமுறை படித்துவிட்டுச் செருகுவதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

அந்த ஒற்றை டேட்டா வயர் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. நூறு விளக்கு நூறு நிறத்தில் எரிவதற்கு நூறு வயர் தேவையில்லை. ஒவ்வொரு எல்.இ.டி.க்குள்ளும் சின்ன சிப் ஒன்று உண்டு. வரும் தகவலில் முதல் 24 பிட்டைத் தனக்கென எடுத்துக்கொண்டு மீதியை அடுத்த விளக்குக்குத் தள்ளிவிடும். பச்சைக்கு எட்டு, சிவப்புக்கு எட்டு, நீலத்துக்கு எட்டு. பரவலாகப் புழங்கும் டபிள்யூ.எஸ். 2812 வகையில் நொடிக்கு 8 லட்சம் பிட் போகிறது. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ நொடி. நூறு விளக்கும் நிறம் மாற 3 மில்லி நொடி போதும்.

மின்சாரக் கணக்கு மட்டும் இவ்வளவு தாராளமில்லை. முழு வெள்ளையில் எரியும்போது ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர்வரை இழுக்கும். ஹெடர் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும், அதாவது 50 விளக்கு. அதற்கு மேல் கோத்துக்கொண்டே போனால் வரிசையின் கடைசியில் வெள்ளை நிறம் மங்கி ஆரஞ்சாகத் தெரியும். வயரின் தடையால் 5 வோல்ட் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் சுமாருக்குப் போதும். நீலமும் பச்சையும் 3 வோல்ட் கேட்கும், அவைதான் முதலில் தளரும். அகசாகி, அமனோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த காலியம் நைட்ரைடு நீலம்தான் இது. கடைசியில் நிறம் திரிந்தால் விளக்கைக் குறை சொல்லாமல், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேரடியாகக் கரன்ட் எடுக்கும் ஹப் ஒன்றைப் போடுங்கள்.

விளக்கு கெட்டால் அழகுதான் போகும். ஃபேனும் பம்பும் அப்படியல்ல.

ஃபேனின் நான்கு பின்களில் ஒன்று எர்த், ஒன்று 12 வோல்ட். மூன்றாவது, சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் வேகத்தைத் திருப்பிச் சொல்வது. நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் நொடிக்கு 40 துடிப்பு. நான்காவதில் போர்டு நொடிக்கு 25,000 முறை தட்டித் தட்டி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மனிதக் காதுக்கு எட்டாத அதிர்வெண் என்பதால் மோட்டார் கீச்சிடுவது கேட்காது. மூன்று ஃபேனை ஒரே ஹெடரில் சேர்க்கும் பிரிப்பு கேபிளை உற்றுப் பார்த்தால், ஒரு முனையில் மட்டுமே மூன்றாவது பின் இருக்கும். மூன்று ஃபேனும் ஒரே வயரில் துடித்தால் போர்டுக்கு எண்ணிக்கை குழம்பும். ஹெடரின் வரம்பு பொதுவாக 1 ஆம்பியர். ஃபேனின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஆம்பியர் இருக்கும், கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஃபேன்கள் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். போர்டு தானாகவே பிராசஸரின் வெப்பத்தைப் பார்த்து ஃபேனை ஓட்டும். பிராசஸரோ ஒரு மென்பொருளைத் திறந்தாலே நொடியில் 20 டிகிரி ஏறி இறங்கும்; ஃபேனும் கூடவே சீறி அடங்கும். தண்ணீரின் சுபாவம் வேறு. ஒரு லிட்டர் தண்ணீரில் 400 வாட் வெப்பத்தைக் கொட்டினாலும் ஒரு டிகிரி ஏற 10 நொடி பிடிக்கும், அதுவும் ஃபேன் ஒன்றுகூட ஓடாதபோது. ஃபேன் மாட்டிய ரேடியேட்டர் குளிர்விப்பது தண்ணீரைத்தான். ஆகவே குழாயில் ஒரு வெப்ப உணரியைப் பொருத்தி, அதன் இரட்டை வயரை மதர்போர்டிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ கொடுத்து, ஃபேனை அதற்குக் கட்டுப்படுத்துவதே சரி. வேகத்தைப் பாதியாக்கினால் ஃபேனுக்கு வேண்டிய சக்தி எட்டில் ஒன்றாகிவிடும், சத்தமும் நன்றாகக் குறையும்.

பம்புக்குக் கரன்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வரட்டும். டி5 வகை பம்ப் முழு வேகத்தில் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும், சாதாரண ஃபேன் ஹெடர் தாங்காது. அதன் வேகம் சொல்லும் வயரை மட்டும் பிராசஸர் ஃபேன் ஹெடரில் செருகுங்கள். அங்கே துடிப்பு வராவிட்டால் பெரும்பாலான போர்டுகள் தொடங்கும்போதே எச்சரித்து நின்றுவிடும். பம்ப் செத்துப்போனது தெரியாமல் கம்ப்யூட்டர் ஓடும் ஆபத்து இதனால் வெகுவாகக் குறையும்.

பெரிய இயந்திரங்களும் தண்ணீரைத்தான் நம்புகின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் வந்த பரம் பிரவேகா சூப்பர் கம்ப்யூட்டர், 3.3 பெட்டாஃப்ளாப் திறன் கொண்டது. சிப்புக்கு அருகிலேயே தண்ணீரை ஓட்டும் புல்சீக்வானா குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குக் கட்டுப்படுத்திய காற்றுள்ள கூடம் உண்டு. மட்டாஞ்சேரி மாடி அறைக்கு அது கிடையாது.

30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் பனிப்புள்ளி சுமார் 26 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். ஓடும் கம்ப்யூட்டரில் தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும், ஆகவே பயமில்லை. ஏசி போட்டு 23 டிகிரியில் இருந்த அறையில் கம்ப்யூட்டரை அணைத்து, தண்ணீரும் அறை அளவுக்குக் குளிர்ந்த பிறகு ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவது போல ரேடியேட்டரும் பூத்துப்போகும். உள்ளே ஒரு லிட்டர் குளிர்ந்த நீர் இருப்பதால் சீக்கிரம் காயாது. கம்ப்யூட்டர் ஓடும்போதே ஏசியை நிறுத்திவிட்டு, அறை சூடான பிறகு ஜன்னலைத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

உப்பு இன்னொரு பிரச்சினை. ஃபேன்கள் வெளிக்காற்றோடு கடல் உப்பின் நுண்துகளையும் உள்ளே இழுக்கின்றன. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். பின்களுக்கு நடுவே மின்சாரம் கசிய அந்த மெல்லிய படலம் போதும். ஆனால் அதே காற்று கேபினெட்டுக்குள் 38 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு அருகில் இறங்கிவிடும், உப்பு காய்ந்தே கிடக்கும். எனவே மழைக்காலத்தில் மாதக்கணக்கில் மூடிவைப்பதைவிட, தினமும் கொஞ்சநேரம் ஓடவிடுவது நல்லது. பயன்படாத ஹெடர்களுக்கு ரப்பர் மூடி போடலாம். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், ஃபேன் பிளக்கையும் விளக்குப் பிளக்கையும் ஒருமுறை கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்தபின் திரும்பச் செருகுங்கள். செருகும்போது 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.