பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்பு வலியா?

"வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு இடுப்பு வலிக்காம இருக்குமா?" லயத்துக்கு லயம் நாங்கள் கேட்கும் பேச்சு இது. உண்மைதான். வயிறு பெருக்க உடம்பின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. மூட்டுக் கட்டுகளும் தளர்கின்றன. அதோடு குனிந்து உதிரிப் பழம் பொறுக்கி, உரமும் சுமந்தால் வலி கூடத்தானே செய்யும்?

முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் 'கைரோபிரேக்டிக்' சிகிச்சை பட்டணத்தில் உண்டு. சிலருக்குச் சுகம் கிடைக்கலாம். முதலில் கிளினிக்கில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்தவரிடமே போங்கள். கண்டவரிடமும் முதுகை நீவக் கொடுக்காதீர்கள். வலியோடு உதிரம், காய்ச்சல், நீர்க்கடுப்பு கண்டாலோ, விட்டு விட்டு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி!

சம்பளம் போகுமென்று வலியை மறைக்காதீர்கள், சகோதரிகளே. மண்டோரிடம் இலேசான வேலை கேளுங்கள். கர்ப்பிணி என்பதற்காக வேலையை விட்டு நிறுத்துவது 2023 முதல் சட்டப்படி குற்றம். பிரசவ விடுப்பும் 98 நாள். மறுத்தால் எங்களிடம் வாருங்கள்.